அந்த அட்டையின் முதல் வரியை மாற்றி எழுதுங்கள்

கலை அருங்காட்சியகங்களில் விவர அட்டை எழுதும் காப்பாட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஓவியம் கற்றுக்கொடுப்பவள். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை என் மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போவேன். உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் எழுத்தை இருபது வருஷத்துக்கு மேலாக வாசித்து வருகிறேன். படத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒட்டியிருக்குமே, அந்த விவர அட்டையைத்தான் சொல்கிறேன். வருகிறவர்களில் பலர் படத்துக்கு முன்னால் அதைத்தான் படிக்கிறார்கள். படித்த பிறகு, அதில் சொன்னதை மட்டும் படத்தில் தேடுகிறார்கள். அந்த ஐந்தாறு வரிகளுக்கு இருக்கும் பலம் ஒரு தடித்த புத்தகத்துக்குக்கூட இல்லை என்று நான் நம்புகிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன முறை போயிருந்தபோது, பதினைந்து வயது மாணவி ஒருத்தி ஒரு பெண் ஓவியரின் தன்னுருவப் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று நோட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். வரைகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அட்டையில் இருந்ததை வரி மாறாமல் நகலெடுத்துக்கொண்டிருந்தாள். இன்னாருடைய மனைவி, இன்னாரிடம் படித்தவர், மணவாழ்க்கை முறிந்தது, மனம் பாதிக்கப்பட்டார், தன் காலத்தின் கலகக்காரி. ஆறு வரியில் ஐந்து வரி இப்படிப் போயிருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தவள், "மிஸ், கழுத்துல பச்சை கலந்திருக்காங்களே, அது ஏன்னு இதுல போடலையே?" என்று கேட்டாள்.

சரியான இடத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். தோலுக்கு அடியில் பச்சையை ஓடவிட்டு, அது காய்ந்த பிறகு மேலே இளஞ்சிவப்பை மெல்லிசாக இழுத்திருந்தார் அந்த ஓவியர். கழுத்து நரம்பு துடிப்பதுபோல் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பெண்மணி எத்தனை நாள் இதற்கு உழைத்திருப்பார்! அட்டையில் அதற்கு இடமில்லை. அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேட்டேன். வழக்கமான முறையில்தான் எழுதியிருக்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்த வழக்கத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

இப்போது நீங்கள் பெண் கலைஞர்களைக் கிடங்கிலிருந்து வெளியே கொண்டுவருகிறீர்கள். 'அடங்காதவர்கள்', 'கலகக்காரிகள்' என்ற தலைப்புகளில் கண்காட்சிகள் நடக்கின்றன. எனக்கு அதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் எதற்காக மல்லுக்கு நின்றார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் கேட்டது மிகச் சாதாரணமான விஷயங்கள். ஓர் அறைக்குள் நுழைய அனுமதி. பார்த்து வரைய ஒரு மனித உடல். சந்தைக்குள் நடமாட வசதியான உடை. வரைந்ததற்குக் கீழே தன் பெயர். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கேட்காமலே கிடைத்ததைப் பெறத்தான் இவர்கள் கலகம் செய்ய வேண்டியிருந்தது. அட்டையில் கலகம் மட்டும் இருக்கிறது. எந்தக் கதவு பூட்டியிருந்தது, சாவி யார் கையில் இருந்தது என்பது இல்லை.

லண்டனில் 1768-ல் ராயல் அகாடமி என்ற கலைஞர் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர். உறுப்பினர்கள் சேர்ந்திருப்பதுபோல் யோஹான் ஸோஃபனி 1771-72-ல் ஒரு படம் வரைந்தார். உங்களில் பலர் அதன் முன்னால் நின்றிருப்பீர்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆண் மாடல் ஆடையில்லாமல் இருக்கிறார், சுற்றிலும் உறுப்பினர்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இரண்டு பெண்களையும் தேடினால் வலது பக்கச் சுவரில் கிடைப்பார்கள். சட்டம் போட்டு மாட்டிய இரண்டு முகங்கள். நிர்வாண மாடல் இருக்கும் அறையில் பெண்கள் இருக்கக் கூடாது என்பதால், அகாடமியை உருவாக்கியவர்களில் இருவர் சுவரில் தொங்கும் படமாகிப் போனார்கள்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் பெரிய படம் என்றால் புராணக் காட்சி, போர்க்களம், வேதாகமக் கதை. எல்லாவற்றுக்கும் மனித உடல் தெரிந்திருக்க வேண்டும். உடலைப் பார்த்து வரையப் பழகாதவருக்குத் தோள்பட்டை எங்கே திரும்புகிறது, எடை எந்தக் காலில் விழுகிறது என்பதெல்லாம் எப்படி வரும்? என் வகுப்பில் மாணவர்கள் மாதக்கணக்கில் கஷ்டப்படுவது அதற்குத்தான். பெண்களிடமிருந்து அந்த வகுப்பைப் பறித்துவிட்டு, பெண்கள் பூவும் குழந்தையும்தான் வரைவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராயல் அகாடமியின் பள்ளியில் மாணவிகள் ஆண் மாடலை, அதுவும் துணி சுற்றிய நிலையில், பார்த்து வரைய 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸின் கலைப்பள்ளியான எகோல் தெ போஸ் ஆர்ட் 1897-ல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

ஆங்கில ஓவியர் லாரா நைட் 1913-ல் வரைந்த தன்னுருவப் படத்துக்கு இந்தக் கதை தெரியாமல் அர்த்தமில்லை. தலையில் தொப்பி, மேலே சிவப்புக் கம்பளிச் சட்டை, கையில் பிரஷ். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் நிர்வாண மாடல் ஒரு பக்கம். அதே முதுகு, பாதி வரைந்த நிலையில், கித்தானில் இன்னொரு பக்கம். ஓவியர், மாடல், ஓவியம் மூன்றும் ஒரே படத்துக்குள். ஸோஃபனியின் சுவரில் தொங்கிய இரண்டு பெண்களும் கீழே இறங்கி வந்து பிரஷ்ஷைக் கையில் எடுத்ததுபோல் எனக்குத் தோன்றும். ராயல் அகாடமி அந்தப் படத்தைக் காட்சிக்கு ஏற்கவில்லை. பிறகு 1936-ல் அதே அகாடமி லாரா நைட்டை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. தொடக்கத்தில் இருந்த அந்த இருவருக்குப் பிறகு முழு உறுப்பினரான முதல் பெண் அவர்தான். நடுவில் 168 வருஷம் ஓடிவிட்டது.

அடுத்து, பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டிமீசியா ஜென்டிலெஸ்கி. அவரைப் பற்றி எழுதும்போதுதான் உங்கள் வழக்கம் எனக்கு அதிகம் வலிக்கிறது. 1611-ல், தந்தையோடு வேலை செய்த ஓவியர் ஒருவர் அவரைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். அடுத்த வருஷம் ரோமில் வழக்கு நடந்தது. சொல்வது உண்மையா என்று சோதிக்க அவருடைய விரல்களைக் கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள். பிரஷ் பிடிக்கும் விரல்களை! இதை மறைக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் ஃப்ளாரன்ஸில் ஊஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில், வேதாகமக் கதையின் யூதித் எதிரித் தளபதி ஹோலஃபெர்னிஸின் தலையை அறுக்கும் அந்தப் படத்தில், வழக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதபடி செய்துவிட்டோம். பழிவாங்கினார் என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். இதே கதையை இன்னொரு இத்தாலிய ஓவியரான கரவாஜியோவும் வரைந்திருக்கிறார். அவருடைய யூதித் அருவருப்போடு பின்னால் சாய்ந்து, கையை நீட்டி அறுக்கிறாள். வயதான பணிப்பெண் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் காத்திருக்கிறாள். ஆர்ட்டிமீசியாவின் பணிப்பெண் இளம் வயதுக்காரி. அவன் மேல் சாய்ந்து முழு எடையையும் போட்டு அழுத்துகிறாள். இரண்டு பேருடைய சட்டைக் கைகளும் மேலே ஏற்றிவிடப்பட்டிருக்கின்றன. முன்னங்கைகளில் பலம் தெரிகிறது. ஒரு முரட்டு ஆளின் கழுத்தை அறுக்க ஒருத்தி போதாது, இன்னொருத்தி அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று யோசித்தவர் அவர். இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு கடினமான வேலையைச் செய்தால் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்து வரைந்தவர் அவர். அந்த அறிவு எங்கிருந்து வந்தது? வழக்குக்கு முன்பே, 1610-ல், பதினேழு வயதுக்குள் வேதாகமக் கதையின் சூசன்னாவை வரைந்துவிட்ட கை அது. 1616-ல் ஃப்ளாரன்ஸின் ஓவியக் கழகத்தில் முதல் பெண்ணாகச் சேர்ந்தார். அப்புறம் பல வருஷம், ஊர் ஊராக, கேட்பவர்களுக்கு வரைந்து கொடுத்துத் தன் உழைப்பில் வாழ்ந்தார். இவ்வளவு நீண்ட தொழில் வாழ்க்கையை ஒரு குற்றவாளி செய்த காரியத்திலிருந்து ஏன் தொடங்குகிறீர்கள்?

பிரெஞ்சு ஓவியர் ரோசா பொனேர் என்றால் கால்சட்டைதான் முதல் வரியில் வருகிறது. ஆமாம், பாரிஸில் 1800-ல் போட்ட உத்தரவுப்படி பெண் கால்சட்டை போட போலீஸ் அனுமதிச் சீட்டு வேண்டும். அவர் அதை வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்தார். (அந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013-ல்.) ஆனால் எதற்காக வாங்கினார்? குதிரைச் சந்தைக்குப் போக. வாரத்துக்கு இரண்டு முறை, சுமார் ஒன்றரை வருஷம், சேற்றிலும் சாணியிலும் நின்று குதிரைகளின் தசையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'குதிரைச் சந்தை'. உயரம் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டர். அதன் முன்னால் நின்றால் குளம்புச் சத்தம் கேட்கும். நீளப் பாவாடை சேற்றில் இழுபட, துள்ளும் குதிரைகளுக்கு நடுவே யாரால் வரைய முடியும்? அவருக்கு அது வேலைக்கான உடை.

ஃப்ரீடா காலோவைப் பற்றி இரண்டே வரி. அவருடைய முகம் இப்போது பையில், கோப்பையில், காலண்டரில் எல்லாம் இருக்கிறது. விபத்தும் கணவரும் எல்லோருக்கும் மனப்பாடம். மெக்சிகோவின் தேவாலயங்களில் நேர்த்திக்கடனாக மாட்டும் சின்னத் தகட்டு ஓவியங்களின் முறையை எடுத்து, தானும் உலோகத் தகட்டில் கையளவில் வரைந்தார் என்பதை எத்தனை அட்டைகள் முதலில் சொல்கின்றன?

இப்போது உங்களிடம் கேட்டே ஆக வேண்டிய ஒரு கேள்வி. 'மறக்கப்பட்ட ஓவியர்', 'கவனிக்கப்படாமல் போனவர்' என்று எழுதுகிறீர்கள். மறந்தது யார்? மழை பெய்ததுபோல், பூகம்பம் வந்ததுபோல் எழுதினால் எப்படி? ஒவ்வொரு மறதிக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு கையெழுத்து இருக்கிறது.

டச்சு ஓவியர் யூடித் லைஸ்டர் 1633-ல் ஹார்லம் நகரத்து ஓவியர் சங்கத்தில் உறுப்பினர். தன் பெயரில் பட்டறை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாணவன் இவரை விட்டுவிட்டு அதே ஊரின் பிரபல ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் பட்டறைக்குப் போனபோது, சங்கத்தில் முறையிட்டுத் தனக்குச் சேர வேண்டிய கட்டணத்தில் ஒரு பங்கை வாங்கினார். இப்படிப்பட்டவரின் படங்கள் அவர் இறந்த பிறகு ஹால்ஸின் பெயரிலும் கணவரின் பெயரிலும் இருநூறு வருஷத்துக்கு மேல் விற்கப்பட்டன. அவர் கையெழுத்து போடாமல் விடவில்லை. தன் குடும்பப் பெயருக்குத் துருவ நட்சத்திரம் என்று பொருள் வருவதால், முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரத்தையும் சேர்த்து வரைவார். 1893-ல் ஹாஃப்ஸ்டெட தெ க்ரூட் என்ற ஆய்வாளர் உற்றுப் பார்க்கும் வரை அந்த நட்சத்திரம் யார் கண்ணிலும் படவில்லை. ஹால்ஸ் என்று சொன்னால் விலை அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் க்ளிண்ட் 1906-லேயே, உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்துக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷம் மூன்று மீட்டருக்கு மேல் உயரமுள்ள பத்துப் படங்களைத் தாளில் டெம்பரா வண்ணத்தால் வரைந்தார். தான் இறந்து இருபது வருஷம் ஆகும் வரை இவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944-ல் போய்ச்சேர்ந்தார். அவர் கேட்டது இருபது வருஷம். 1970 வாக்கில் ஸ்டாக்ஹோமின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு அந்தத் தொகுப்பைக் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார்கள். 1986-ல்தான் வெளியுலகம் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது. 2018-19-ல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சிக்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பார்க்க ஆள் வராது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கார்மென் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றபோது அவருக்கு வயது 89. தாமதமாக மலர்ந்தவர் என்று எழுதாதீர்கள் தயவுசெய்து. அவர் பல பத்து வருஷமாக நேர்க்கோடும் இரண்டு வண்ணமுமாக வரைந்துகொண்டேதான் இருந்தார். தாமதமாக வந்தது நீங்கள்.

பிரெஞ்சுச் சிற்பி காமீல் க்ளோடெலைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்கும். பெரிய சிற்பி ரோடினின் மாணவி, ரோடினின் மாடல், ரோடினின் காதலி. இந்த மூன்று சொல்லும் இல்லாமல் ஓர் அட்டையையாவது நான் படித்ததில்லை. 1888-ல் அவர் செய்த 'சகுந்தலை' சிற்பம் காளிதாசனிடமிருந்து வந்தது. மண்டியிட்டிருப்பது துஷ்யந்தன். மறந்தவன் கீழே, மறக்கப்பட்டவள் மேலே, தலையை அவன் பக்கம் சாய்த்தபடி. நம் வீட்டுக் கதையை அவர் எந்த இடத்தில் பிடித்திருக்கிறார் பாருங்கள்! சாபம், மோதிரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை அவருக்கு. மன்னிப்பு நடக்கும் அந்த ஒரு நொடி போதும்.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1897-ல் செய்த 'பேசிக்கொண்டிருப்பவர்கள்'. அரை மீட்டர் உயரம்கூட வராது. ஒரு மூலையில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி ஏதோ ரகசியம் சொல்கிறாள், மற்ற மூவரும் முன்னால் குனிந்து கேட்கிறார்கள். ரயில் பெட்டியில் பார்த்த பெண்களிடமிருந்து எடுத்த காட்சி. பெரிய வீரர்களையும் மகான்களையும் எல்லோரும் வடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் வம்பளப்பைக் கல்லில் கொண்டுவந்தார். கேட்பவளின் கழுத்து எப்படி நீளும் என்று கவனித்திருக்கிறார். ரோடினிடம் இது எங்கே இருக்கிறது?

1913 மார்ச் மாதத்தில் தந்தை இறந்த சில நாட்களிலேயே குடும்பத்தார் அவரை மனநல விடுதியில் சேர்த்தார்கள். வெளியே விடலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் தாய் சம்மதிக்கவில்லை. முப்பது வருஷம் உள்ளேயே இருந்து 1943-ல் இறந்தார். உங்கள் அட்டைகள் இதை 'மனநோய்க்கு ஆளாகி விடுதியில் காலமானார்' என்று முடிக்கின்றன. கையெழுத்துப் போட்டவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

நான் என்ன கேட்கிறேன் என்றால், அட்டையின் முதல் வாக்கியத்தை அந்தப் பெண்ணின் கைக்குக் கொடுங்கள். என்ன பொருள், என்ன முறை, பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டும். வாழ்க்கைக் கதை அதற்கப்புறம் வரட்டும், படத்துக்குத் தேவையான அளவுக்கு வரட்டும். ஆண் ஓவியர்களுக்கு இதைத்தானே செய்கிறீர்கள்? கரவாஜியோ 1606-ல் ஒருவரைக் கொன்றுவிட்டு ரோமை விட்டு ஓடினார். அவருடைய அட்டைகளில் பெரும்பாலும் முதலில் வருவது ஒளியும் நிழலும்தான். வாய்ப்பு மறுக்கப்பட்டது என்று எழுதினால் மறுத்தவர் பெயரையும் எழுதுங்கள், அது உங்கள் நிறுவனமாகவே இருந்தாலும். அதில் உங்களுக்கு எந்தக் கௌரவக் குறைவும் வராது. வாங்க மறுத்தோம், தவறு செய்தோம் என்று ஓர் அட்டையில் படித்தால் அந்த அருங்காட்சியகத்தின் மேல் என் மரியாதை கூடும்.

கெரில்லா கேர்ள்ஸ் என்ற குழுவினர் 1989-ல் ஒட்டிய சுவரொட்டி உங்களுக்குத் தெரியும். மெட்ரோபாலிட்டனின் நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் நிர்வாண ஓவியங்களில் 85 விழுக்காடு பெண்கள் என்று எண்ணிச் சொன்னார்கள். அவர்கள் செய்தது எண்ணிக்கைதான். அதேபோல் உங்கள் அட்டைகளையும் ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பெண் கலைஞர்களின் அட்டைகளில் கணவர், காதலர், ஆசிரியர் எத்தனை முறை வருகிறார்கள், வண்ணமும் கல்லும் கித்தானும் எத்தனை முறை வருகின்றன என்று. அதற்கு ஒரு மதியம் போதும்.

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. பிரெஞ்சு ஓவியர் சூசன் வலதோன் 1923-ல் வரைந்த 'நீல அறை'க்கு நானே ஓர் அட்டை எழுதிப் பார்த்தேன். பல தடவை அடித்து எழுதினேன், உங்கள் வேலை எவ்வளவு கடினம் என்று புரிந்தது. பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

"படுக்கையில் சாய்ந்திருக்கும் இந்தப் பெண் உங்களைப் பார்க்கவில்லை. வாயில் சிகரெட், காலடியில் இரண்டு புத்தகம், கோடு போட்ட தொளதொளப்பான கால்சட்டை. தடித்த கரிய கோட்டால் உடலின் ஓரத்தை அழுத்தமாகக் கட்டியிருக்கிறார் ஓவியர். சுற்றியிருக்கும் நீலத் துணியின் இலைக்கொடிகளுக்கு நடுவே அவள் கரைந்துபோகாமல் இருப்பது அந்தக் கோட்டால்தான். வலதோன் கலைப்பள்ளிக்குப் போனதில்லை. இளம் வயதில் ரெனுவாருக்கும் துலூஸ்-லோத்ரெக்குக்கும் மாடலாக நின்றபோது அவர்கள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். படுத்திருக்கும் பெண்ணை வரைவது நெடுங்கால வழக்கம். அப்படிப் படுத்திருப்பவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பது மாடலாக இருந்த இவருக்குத் தெரியும்."

அன்புடன்,
ஓர் ஓவிய ஆசிரியை